ஒரே காலையில் ஆயிரம் பிறை

2019 டிசம்பர் 25, புதன்கிழமை. காலை 10.20.

சூரியனைப் பார்க்க ஊர் ஊராக ஆட்கள் மதுரைப் பக்கம் வந்துகொண்டிருந்த நாளில் நான் மதுரையை விட்டுக் கிளம்பினேன். மறுநாள் காலை வளையச் சூரிய கிரகணம். கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை என்று அந்த நிழல் போகிற பாதையில் நின்றால் சூரியன் தங்க வளையலாகத் தெரியும். என் கணவர் அலுவலக நண்பர்களோடு திண்டுக்கல் போகத் திட்டமிட்டிருந்தார். மகள் கல்லூரித் தோழிகளைக் கூட்டிக்கொண்டு மொட்டைமாடியில் முகாமிடப் போகிறாள். நான் மட்டும் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில், கம்பம் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன். கம்பத்தில் வளையம் தெரியாது. பிறை அளவுக்குத்தான் தெரியும்.

"விருந்துச் சாப்பாட்டை விட்டுட்டு யாராவது பழைய சோத்துக்கு பஸ் ஏறுவாங்களா?" என்று கணவர் கேட்டார். எனக்குப் பழைய சோறுதான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உண்மைக் காரணம் ஜமீலா. கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தோம். கம்பத்தில் வாக்கப்பட்டவள். மூன்று நாள் முன்பு தன் மாமனாரைப் பற்றிப் போன் செய்தாள்.

"ஏண்டி, கிளம்பி வா. எங்க மாமாவுக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணி மூணு வாரம்கூட ஆகலை. கிரகணத்தைப் பாத்தே தீருவேன்னு நிக்கிறாக. நாங்க சொன்னா, ஒனக்கென்னா தெரியும்ங்கிறாக. நீ வந்து சொல்லு."

"நான் என்ன டாக்டரா? லைப்ரரியில புத்தகம் அடுக்குறவ."

"நீ எதைச் சொல்லணும்னு ஒனக்கே தெரியும்" என்று வைத்துவிட்டாள்.

தெரியும். தெரிந்ததால்தான் எரிச்சல். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

1995 அக்டோபரில், தீபாவளியை ஒட்டி ஒரு கிரகணம் வந்தது. விருதுநகரில் எங்கள் வீட்டு மாடியில் நானும், விடுமுறைக்கு வந்திருந்த ஜமீலாவும் என் அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரேயைப் பிடித்துக்கொண்டு சூரியனைப் பார்த்தோம். அவள் கண் கூசுகிறது என்று உடனே விலகிக்கொண்டாள். நான் பெரிய வீராங்கனை. இடது கண்ணை மூடி, வலது கண்ணால் மூன்று நிமிடம் பார்த்தேன். வலிக்கவே இல்லை. அதுதான் மோசம். கண்ணுக்குள்ளே படம் விழுகிற விழித்திரைக்கு வலி தெரியாது, வெந்தாலும் சொல்லாது. எக்ஸ்ரே ஃபிலிம் வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டுமே தவிர, கண்ணுக்குத் தெரியாத கதிர்களை உள்ளே விட்டுவிடும். அன்று சாயந்திரம் செய்தித்தாளை எடுத்தால், எந்த எழுத்தைப் பார்க்கிறேனோ அந்த எழுத்து மட்டும் காணவில்லை. அன்றிலிருந்து வலது கண்ணால் எந்த முகத்தைப் பார்த்தாலும் மூக்கு இருக்கும் இடத்தில் ஒரு கரும்பொட்டு.

"வெளியே மூச்சு விடாதே. கண்ணுல குறைன்னா எவன் கட்டுவான்?" என்றாள் அம்மா. நான் விடவில்லை. மூன்று வருடத்தில் கல்யாணம் ஆனது. இடது கண் இரண்டு கண்ணின் வேலையையும் இழுத்துப்போட்டுப் பார்த்ததால் யாருக்கும் தெரியவில்லை. இருபத்தோரு வருடமாகக் கணவரிடமும் சொல்லவில்லை. முதலில் பயத்தால் சொல்லவில்லை. பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்பதால் சொல்லவில்லை. ஜமீலாவுக்கு மட்டும் தெரியும்.

"கம்பம் ஒண்ணு, எண்பத்தஞ்சு. சில்லறையாக் குடும்மா, எல்லாரும் ஐநூறா நீட்டுனா நான் எங்கிட்டுப் போவேன்?" என்றார் நடத்துநர். நான் நீட்டியதும் ஐநூறுதான்.

காலை 11.35. உசிலம்பட்டி.

பாதி பஸ் கறுப்பு வேட்டி. மார்கழி மாதம், சபரிமலைக் கூட்டம். உசிலம்பட்டியில் இருமுடியோடு ஏறிய ஒருவர் எனக்கு எதிர்ப்பக்க இருக்கையில் உட்கார்ந்தார். போன் பேசிக்கொண்டே ஏறியிருந்தவர், "நாளைக்குக் காலையில நடை சாத்திருவாக, கிரகணம் விட்டுத்தான் தொறப்பாக, நம்ம குமுளியில தங்கிக்கிருவோம்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். வாயைச் சும்மா வைத்திருக்க முடியாமல் கேட்டேன்.

"சாமி கிரகணம் பாப்பீங்களா?"

"பாக்க மாட்டேம்மா. நான் வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். நாலு நாளா ஒரே தொல்லை. ஊர்ல இருக்கிறவன் பூராம் வந்து, அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் குடுண்ணே, சூரியனைப் பாத்துட்டுத் தாரேங்கிறான்."

"குடுத்தீங்களா?"

"எங்கன குடுக்க? சூரியனுக்கு அந்தக் கறுப்புல பதினாலாம் நம்பர் வேணும்மா. எங்க பட்டறையில இருக்கிறது பத்து, பதினொண்ணு. அது தீப்பொறிக்குத்தான் தாங்கும். பூட்டி சாவியை இடுப்புல சொருகிட்டு வந்துட்டேன்." இடுப்பைத் தட்டிக் காட்டினார்.

கல்லூரி படித்த நாங்கள் எக்ஸ்ரேயோடு மாடியில் நின்றபோது, சூரியனுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று சொல்ல இப்படி ஒருவர் பக்கத்தில் இல்லாமல் போனாரே என்று இருந்தது.

ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் வெயில் சுள்ளென்று ஏறியது. சாலைக்கு இணையாக அகல ரயில் பாதை வேலை நடந்துகொண்டிருந்தது. தண்டவாளம் வந்த பாடில்லை, சரளைக் கற்கள் மட்டும் குவித்திருந்தார்கள். தூரத்தில் காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றின. 12.40க்குத் தேனி. ஆரப்பாளையத்திலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பஸ் கால் மணி நேரம் நின்றது. ஒரு டீ, இரண்டு பருப்பு வடை, இருபத்திரண்டு ரூபாய். டீக்கடையில், நாளைக்குக் காலை பதினொன்றரை வரை கடை கிடையாது என்று சாக்பீஸில் எழுதிப் போட்டிருந்தார்கள்.

தேனியை விட்டதும் பூமி நிறம் மாறிவிடுகிறது. வீரபாண்டி தாண்டி முல்லையாற்றுத் தண்ணீர் கண்ணில் பட்டது. சின்னமனூரில் வயல், உத்தமபாளையத்தில் தென்னை, அதற்கப்புறம் சாலையின் இரு பக்கமும் கல்தூண்கள் மேல் படர்ந்த திராட்சைப் பந்தல். இருபுறமும் மலை கூடவே வருகிறது. 2.10க்குக் கம்பத்தில் இறங்கினேன்.

மாலை 4.30.

ஜமீலாவின் மாமனார் காதர் ராவுத்தருக்கு அறுபத்தெட்டு வயது. அவள் மாமா என்று கூப்பிடுவதால் நானும் மாமா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகிற சாலையில் ஐந்து கிலோமீட்டரில் அவர்கள் தோட்டம். இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை. இன்னும் பத்து நாளில் வெட்டு. பந்தலுக்குக் கீழே நுழைந்ததும் குளிர்ந்துவிட்டது. தலைக்கு மேலே கருநீலக் குலைகள்.

"பாத்தியா தாயி" என்று ஒரு குலையைத் தொட்டுக் காட்டினார். "பழத்து மேல வெள்ளையா மாவு பூத்திருக்கு பாரு. மூணு வருஷமா இது எனக்குத் தெரியலை. எல்லாம் புகைமூட்டம். வேலைக்கு வர்ற பொம்பளைக சொல்லித்தான் பழுத்துச்சா பழுக்கலையான்னு தெரிஞ்சுக்கிருவேன். இப்பப் பாரு, அந்தக் கடைசித் தூண்ல எறும்பு ஏறுது. எத்தனைன்னு சொல்லவா?"

இடது கண்ணில்தான் புரை எடுத்திருந்தார்கள். வலது கண்ணுக்குத் தை மாதம். ஆக இப்போதைக்கு அவருக்கு இருப்பது ஒரு கண். எனக்கும் ஒரு கண். எங்கள் இருவரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும்.

சாய்ந்த வெயில் இலைகளின் இடுக்கு வழியாக இறங்கி, தரையில் வட்ட வட்டமாக விழுந்திருந்தது. அண்ணாந்து பார்த்தேன். இடுக்குகள் கோணல்மாணலாக, ஒன்று முக்கோணமாக, ஒன்று கிழிசலாக இருந்தன. தரையில் எல்லாமே வட்டம்.

"எப்பவும் வட்டமாத்தான் விழுகும்" என்றார் மாமா. "நானும் சின்ன வயசுலருந்து பாக்குறேன். ஓட்டை எப்படி இருந்தாலும் வட்டந்தான்."

அந்த நேரத்தில் நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். மூளை இருக்கிறதே, அது எனக்கு மறுநாள்தான் வேலை செய்யும்.

மாலை 7.15.

வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து என் பிரசங்கத்தைத் தொடங்கினேன். நிலா நமக்கும் சூரியனுக்கும் நடுவில் வருகிறது, அதன் நிழல் நம் மேல் விழுகிறது, அதுதான் கிரகணம் என்றேன்.

"அது தெரியும். மறைக்கிற நிலா முழுசா மறைக்காம, மதுரையில ஏன் வளையம் விடுது? அதைச் சொல்லு" என்றார் மாமா.

தட்டிலிருந்த திராட்சையில் ஒன்றைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தேன். தொங்கிக்கொண்டிருந்த உருண்டை பல்பைக் காட்டினேன். "வலது கண்ணை மூடிக்கங்க மாமா. பழத்தை நல்ல கண்ணுக்குக் கிட்டத்துல பிடிங்க. பல்பு தெரியுதா?"

"மறைஞ்சு போச்சு."

"இப்பக் கையை நீட்டித் தள்ளிப் பிடிங்க."

"சுத்திவர விளிம்பு தெரியுது."

"நிலாவும் அப்படித்தான். கிட்ட இருக்கிற நாள்ல குறுக்க வந்தா முழுசா மூடும். தள்ளி இருக்கிற நாள்ல வந்தா விளிம்பு மிஞ்சும். நாளைக்குத் தள்ளி இருக்கு. இதே நேர்கோட்டுல இல்லாம, கம்பம் மாதிரி ஒதுங்கி இருந்தா எப்படித் தெரியும்னு, தலையை மட்டும் லேசா நகத்திப் பாருங்க."

நகர்த்தினார்.

"பிறை" என்றார்.

பழத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னதை என்னால் மறக்க முடியாது. "மூணு நோன்புக்குப் பிறை பாக்கலை தாயி. மாடியில எல்லாரும் நின்னு, அந்தா தெரியுதுன்னு கை காட்டுவாக. நானும், ஆமா தெரியுதுன்னுருவேன். ஒண்ணுந் தெரியாது. கண்ணு போச்சுன்னு சொல்ல வெக்கம். இப்பத்தான் அல்லா கண்ணைத் தொறந்துருக்கான். நாளைக்குச் சூரியனே பிறையா வருதுங்கிறாக. அதைப் பாக்காம எதைப் பாக்குறது?"

அவர் பிடிவாதத்துக்கு இதுதான் காரணம் என்று ஜமீலாவுக்கே அப்போதுதான் தெரிந்தது போல. அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"எதை வச்சுப் பாக்கப் போறீங்க மாமா?"

அலமாரியைத் திறந்து பெருமையாக எடுத்து வந்தார். புரை எடுத்து வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் கொடுக்கிற கறுப்புக் கண்ணாடி, பக்கவாட்டிலும் மறைப்பு வைத்தது. மதுரைக்குக் கண் வைத்தியத்துக்குப் போய்வந்த ஒவ்வொரு வீட்டிலும் இது ஒன்று பத்திரமாக இருக்கும். இந்தப் பக்கத்தில் இதற்குப் பெயர் ஆபரேஷன் கண்ணாடி.

"கண்ணு டாக்டரே கண்ணுக்குன்னு குடுத்தது. என்னோட சேத்து எங்க சேக்காளி அஞ்சு பேருட்டயும் இருக்கு. நாளைக்குக் கிரகணத் தொழுகை முடிச்சிட்டு, பள்ளிவாசலுக்கு வெளிய நின்னு எல்லாருமாப் பாக்கப் போறோம்."

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஒரு கண்ணைக் காப்பாற்ற வந்தால் இங்கே ஐந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள். அதுவும் எதை நம்பி? கண் ஆஸ்பத்திரியை நம்பி!

"அதைப் போட்டுக்கிட்டு என்னையப் பாருங்க. என் மூஞ்சி தெரியுதா?"

"தெளிவாத் தெரியுது."

"காலண்டர்?"

"தேதிகூடத் தெரியுது."

என் மகள் பையில் செருகி அனுப்பியிருந்த கிரகணக் கண்ணாடி இரண்டை எடுத்தேன். அட்டைச் சட்டத்தில் பளபளக்கும் கறுப்பு ஃபிலிம். 12312-2 என்ற ஐ.எஸ்.ஓ. எண் அச்சிட்டிருந்தது. எண்ணை மட்டும் பார்த்து நம்பாதே, போடுவதற்கு முன் பல்புக்கு நேரே பிடித்துப் பார் என்று மகள் சொல்லியிருந்தாள். பிடித்தேன். ஒன்றில் என் கொண்டை ஊசி குத்தி ஊசிமுனை அளவு வெளிச்சம் கசிந்தது. கத்தரியால் அதை இரண்டாக வெட்டினேன்.

"அடப்பாவமே, சின்ன ஓட்டைதான?"

"சூரியன் பெருசு மாமா."

மற்றதை அவரிடம் கொடுத்தேன். போட்டார். "கரண்டு போயிருச்சா?" என்றார்.

"போகலை. அதுல அப்படித்தான் இருக்கணும். வீட்டுக்குள்ள ஒண்ணுமே தெரியக் கூடாது. சூரியன் மட்டுந்தான் தெரியும். என் மூஞ்சி தெரியிற கண்ணாடி சூரியனுக்கு ஆகாது. கறுப்புக் கண்ணாடி போட்டா இருட்டுன்னு நினைச்சுக் கண்மணி இன்னும் விரியும். விரிஞ்ச வாசல்ல நெருப்பு உள்ள போகும்."

அவர் அட்டைக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "திருவிழாவுல விக்கிறது மாதிரி இருக்கு. இதை நம்பவா, டாக்டர் குடுத்ததை நம்பவா?"

"டாக்டர் அதை வெயிலுக்கும் தூசிக்கும் குடுத்தாரு மாமா. சூரியனைப் பாக்கக் குடுக்கலை. ஆபரேஷன் பண்ணி ஒரு மாசம்கூட ஆகாத கண்ணு. டாக்டரைக் கேக்காம இந்த அட்டைக் கண்ணாடி போட்டுக்கூட நீங்க அண்ணாந்து பாக்க வேண்டாம்."

"இம்புட்டும் ஒனக்கு எப்படித் தெரியும்? புத்தகத்துல படிச்சதுதான?"

ஜமீலா அடுப்படி வாசலிலிருந்து என்னையே பார்த்தாள்.

"ஆமா மாமா. புத்தகத்துலதான்."

இடியாப்பமும் ஆட்டுக்கறியும் நன்றாக இருந்தன. ஆனால் ஜமீலா என் தட்டை மட்டும் டங்கென்று வைத்தாள்.

டிசம்பர் 26, வியாழக்கிழமை. காலை 7.40.

மாமா வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தொப்பியோடு கிளம்பிவிட்டார். சட்டைப் பையில் ஆபரேஷன் கண்ணாடியின் காது எட்டிப் பார்த்தது. அதைக் கண்டதும் என்னைக் கேட்காமலே என் வாய் திறந்துகொண்டது.

"மாமா, நில்லுங்க. நேத்து பொய் சொன்னேன். புத்தகத்துல படிக்கலை."

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்ரே, மூன்று நிமிடம், காணாமல் போன எழுத்து. நாற்பது வயதில் வெள்ளெழுத்துக் கண்ணாடிக்காகப் போனபோது டாக்டர் கருவி வைத்துப் பார்த்துவிட்டு, "எப்பவாவது கிரகணம் பார்த்தீங்களா?" என்று அவராகவே கேட்டதையும் சொன்னேன். என் கண்ணுக்குள் இருக்கிற வடுவை மருந்துச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் வரைந்து காட்டினார். நகம் வெட்டிப் போட்டால் கிடக்குமே, அந்த வடிவம். அந்தச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் பஸ்ஸிலேயே கிழித்துப் போட்டேன். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

"வலிச்சுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. வலிச்சிருந்தா அப்பவே எடுத்திருப்பேனே."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

கடிகாரத்தைப் பார்த்தார். "தொழுகைக்கு நேரமாச்சு" என்று இறங்கிப் போய்விட்டார். கண்ணாடி அதே பையில்தான் இருந்தது.

"கேட்டாகளா இல்லையாடி?" என்றாள் ஜமீலா.

"எனக்கென்ன தெரியும்? உன் மாமாதானே."

காலை 8.30.

தோட்டத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். பாதிக் கடைகள் அடைத்திருந்தன. கோயில் வாசலில் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் தண்ணீர்க் குடத்தில் தர்ப்பைப் புல் போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஐயப்ப பக்தர்கள் வேன் நிழலில் சம்மணமிட்டு உட்கார்ந்து சரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வானத்தில் மேகம் சிதறிக் கிடந்தது. கிரகணம் எட்டு மணிக்கே பிடித்துவிட்டது என்றார் ஆட்டோக்காரர். வெயில் மட்டும் கொஞ்சம் நோஞ்சானாக இருந்தது. அந்த அரைகுறை வெயிலை நம்பித்தான் நிறையப் பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள். கூசாததால் ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிடுகிறோம். மிச்சமிருக்கிற கீற்றும் முழுச் சூரியனைப் போலவே சுடும்.

ஓர் அட்டையில் ஊசியால் ஓட்டை போட்டுக் கொண்டுவந்திருந்தேன். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அட்டையின் ஓட்டை வழியாகத் தரையில் விழும் சூரியனின் பிம்பத்தைப் பார்க்கலாம். கண் மேலே போகவே வேண்டாம். மாமா வந்தால் அதைக் காட்டிச் சமாதானம் செய்யலாம் என்பது திட்டம். பந்தலுக்குள் நுழைந்து நான்கு எட்டு வைத்ததும் ஜமீலா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏய், தரையைப் பாரு."

நேற்று வட்டமாக விழுந்த வெளிச்சம் ஒவ்வொன்றையும் யாரோ கடித்து வைத்திருந்தார்கள். எல்லா வட்டத்திலும் ஒரே பக்கத்தில், ஒரே அளவு கடி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஓர் ஊசி ஓட்டை. தரையில் விழுந்த வட்டமெல்லாம் வெறும் வெளிச்சமல்ல, சூரியனின் படம். சூரியன் உருண்டையாக இருந்ததால் அவை வட்டமாக இருந்தன; ஓட்டை எப்படி இருந்தால் என்ன? அறுபது வருடமாக மாமா தினமும் சூரியனைக் காலடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

என் ஊசி அட்டையைப் பார்த்தேன். இரண்டு ஏக்கர் பந்தலையும் பார்த்தேன். அட்டையைப் பையில் வைத்துவிட்டேன்.

காலை 9.20.

மாமாவுக்குத் தொழுகை முடிந்திருக்கும். பள்ளிவாசலுக்கு வெளியே ஐந்து பேர் நின்றிருப்பார்கள். ஜமீலா போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுபடி போடுவதற்குள் தோட்டத்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாமா தலையைக் குனிந்தபடியே இறங்கி, தரையைப் பார்த்தபடியே நடந்து வந்தார். கையில் கைக்குட்டை முடிச்சு.

அவிழ்த்தார். உள்ளே ஐந்து ஆபரேஷன் கண்ணாடி.

"எல்லார்ட்டயும் பிடுங்கிட்டேன்" என்றார். "ஒருத்தன் மட்டும் குடுக்க மாட்டேன்னு நின்னான். உன் கதையைச் சொன்னேன். குடுத்துட்டான்."

"என் கதையையா? எல்லாருட்டயுமா?"

"பேரைச் சொல்லலை தாயி. மதுரையிலருந்து எங்க வீட்டுக்கு நேத்து வந்த பொண்ணுன்னு மட்டுந்தான் சொன்னேன்."

கம்பத்தில் நேற்று மதுரையிலிருந்து அவர் வீட்டுக்கு வந்த பெண் எத்தனை பேர் இருப்பார்கள்! இருபத்துநான்கு வருடம் நான் மூடி வைத்ததை இந்த மனுஷன் அரை மணி நேரத்தில் ஊர்ச் செய்தியாக்கிவிட்டார். கோபம் வந்திருக்க வேண்டும். ஐந்து கண்ணாடியையும் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. ஜமீலா என்னைக் கட்டிக்கொண்டாள்.

"கீழ பாருங்க மாமா."

அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தார். கடித்த வட்டங்கள் மெலிந்து மெலிந்து, மெல்லிய பிறைகளாகியிருந்தன. பந்தல் முழுவதும், கண் போகிற தூரம் வரை பிறை. கல்தூண் மேல் பிறை, வாய்க்கால் வரப்பில் பிறை, ஜமீலாவின் முக்காட்டில் பிறை. மாமா மெல்ல உட்கார்ந்து, வேட்டி முனையை இரண்டு கையாலும் விரித்துச் சாய்வாகப் பிடித்தார். வெள்ளைத் துணியில் பத்துப் பன்னிரண்டு பிறைகள் பளிச்சென்று விழுந்தன. காற்றில் இலை அசையும்போதெல்லாம் அவை இடம் மாறின.

"நோன்புப் பிறையைக் கையில பிடிச்சவுக யாரும் உண்டா?" என்றார். "மூணு வருஷத்துக் கடன் தீந்துச்சு தாயி."

எண்பதைத் தாண்டியவர்களை ஆயிரம் பிறை கண்டவர் என்று சொல்வோம். அவர் அறுபத்தெட்டு வயதில், ஒரே காலையில், குனிந்த தலையை நிமிர்த்தாமல் கண்டுவிட்டார்.

மணி 9.30. பறவைச் சத்தம் குறைந்து, சாயந்திரம் போலக் குளிர்ந்தது. மிச்சமிருந்த ஒரு கிரகணக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே போனேன். தலையைக் குனிந்து கண்ணாடியைப் போட்டு, இருட்டான பிறகுதான் நிமிர்ந்தேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரு கீற்று. இடது கண்ணால் பத்து எண்ணும் வரை பார்த்தேன். மறுபடி தலையைக் குனிந்து, சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிய பிறகுதான் கழற்றினேன். ஜமீலாவுக்கும் அப்படியே காட்டினேன்.

"மேல எப்படி இருக்கு?" என்றார் மாமா.

"உங்க வேட்டியில இருக்கிறதுதான் மாமா. அங்கன ஒண்ணு, இங்கன ஆயிரம்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேட்டியைப் பார்த்தேன். அந்த வடிவத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. மருந்துச் சீட்டின் பின்பக்கம் டாக்டர் பேனாவால் வரைந்தது இதுதான். 1995-இல் சூரியன் கடிபட்டு நின்ற அந்த மூன்று நிமிடத்தின் படம் என் வலது கண்ணுக்குள் அப்படியே விழுந்து, வெந்து, தங்கிவிட்டது. தரையில் விழுந்தவை சூரியன் முழுசானதும் வட்டமாகிவிடும். எனக்குள் விழுந்தது மட்டும் பிறையாகவே இருக்கும்.

பிற்பகல் 2.15. கம்பம் பேருந்து நிலையம்.

மாமா வழியனுப்ப வந்தார். மூன்று கிலோ திராட்சையைப் பெட்டியில் கட்டிக் கொடுத்தார். வீட்டுக் கூடத்தில் ஐந்து கண்ணாடியையும் வரிசையாக வைத்துவிட்டு வந்திருக்கிறார். சாயந்திரம் சேக்காளிகள் வந்து அவரவருடையதை எடுத்துக்கொள்வார்களாம்.

"அடுத்தது எப்ப தாயி?"

"சின்னச் சின்னதா நடுவுல வரும். ஆனா 2031 மே 21-ல வளையக் கிரகணம், இந்தப் பள்ளத்தாக்கு மேலேயே போகுது. கூடலூர், தேனி, மதுரைன்னு."

விரல் விட்டுப் பார்த்தார். "எம்பது ஆயிருமே. இன்ஷா அல்லா, இருந்தா ரெண்டு கண்ணாலயும் பாப்போம். டாக்டரைக் கேட்டுக்கிட்டு." பஸ் நகர்ந்தபோது ஜன்னலருகே வந்து மெதுவாகச் சொன்னார்: "ஊருக்கெல்லாம் தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியாம இருக்கலாமா ஆத்தா? தெரியுது தெரியுதுன்னு நான் மூணு வருஷம் சொன்னேன்ல, அது பெரிய கஷ்டம்."

மாலை 6.10. மதுரை.

ஆரப்பாளையத்தில் கணவர் பைக்கோடு காத்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் போனை நீட்டினார். திண்டுக்கல்லில் ஃபில்டர் வைத்து எடுத்த படம், அப்பழுக்கில்லாத வளையம். "விருந்து எப்படி?" என்றார். "நீ என்ன பார்த்தே?"

திராட்சைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். வைகைப் பாலத்தின் நடுவில் போகும்போது, அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தபடி சொன்னேன். எக்ஸ்ரேயிலிருந்து மருந்துச் சீட்டு வரை. வண்டி சத்தத்தில் பாதி கேட்டிருக்காது என்று நினைத்தேன். பாலம் முடிந்ததும் ஓரமாக நிறுத்தினார். திரும்பவில்லை.

"எந்தக் கண்ணு?"

"வலது."

பஸ்கள் எங்களை உரசிக்கொண்டு போயின. பிறகு கேட்டார்: "பொண்ணு பார்க்க வந்தன்னைக்கு என்னை எந்தக் கண்ணால பார்த்தே?"

"இடது கண்ணாலதான். நல்ல கண்ணால."

"அப்ப நல்லாத் தெரிஞ்சுதான் கட்டியிருக்கே" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.